கடைத்தெருக் கொட்டகை: ஓடு, ஓதம், சுண்ணாம்பு

இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில், நாங்கள் பழுதுபார்த்த பழைய நாடகக் கொட்டகைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மேற்குச் சுவரின் அடியில் கை வைத்தால் காய்ந்திருக்கிறது. "ரெண்டு மழைக்காலம் தாங்கட்டும், அப்புறம் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்று கொத்தனார் சொல்லியிருந்தார். இது இரண்டாவது. அதனால் என்ன செய்தோம், எதற்கு எவ்வளவு ஆனது, எது எடுபடவில்லை என்று இப்போது எழுதி வைக்கிறேன். டெல்டாவில் இதுபோல் பூட்டிக் கிடக்கும் கொட்டகை, சத்திரம், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் நிறைய. யாராவது ஒருவர் இடிக்கிற முடிவைத் தள்ளிப்போட்டாலும் எழுதியதற்குப் பலன் உண்டு.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். கொட்டகை கடைத்தெருவின் நடுவில் இருக்கிறது. 1930களில் நாடகத்துக்கென்றே கட்டியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்துவிட்டாலும், அவர் எழுதிப் பயிற்றுவித்த நாடகங்களைத்தான் அந்தக் காலத்தில் கம்பெனிகள் ஊர் ஊராக முகாம் போட்டு ஆடிக்கொண்டிருந்தன. 1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. அதன் பிறகு நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக டாக்கீஸ் ஆயின, எங்களுடையதும் ஆனது. மேடைக்கு முன்னால் திரையைக் கட்டி, திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்தார்கள். வெளிச்சம் வரக்கூடாது என்று பக்கவாட்டுச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். படம் ஓட்டுவது நின்றதும் கொட்டகை உரமூட்டைக் கிடங்கானது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததில் தென்பக்கக் கூரையின் ஓடு முழுக்கப் பறந்துபோக, அந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போட்டு மூடினார்கள்.

நான் பம்புசெட் பழுதுபார்க்கிறவன். ஊரில் ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சில இளைஞர்கள் என்று சேர்ந்துதான் இதில் இறங்கினோம். நாடகம், பரதம், பறை, நாதசுர வகுப்பு, பிள்ளைகளுக்கு நூலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பது ஆசை. உரிமையாளர் குடும்பம் 20 வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகுதான் உள்ளே கை வைத்தோம். வாய்வார்த்தையை நம்பி யாரும் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம்.

வேலைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட முறை ஒன்றுதான். பிற்காலத்தில் சேர்த்ததை முதலில் எடுப்போம், எடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்து மேற்கொண்டு முடிவு செய்வோம். புதிதாக என்ன போடலாம் என்ற பேச்சை அதுவரை எடுப்பதில்லை. இதனால் மிச்சமான பணம் கொஞ்சமில்லை.

தண்ணீரிலிருந்துதான் ஆரம்பித்தோம். டியூப் மட்டம் பிடித்துப் பார்த்ததில் தெரு, கொட்டகை வாசற்படியைவிட ஒரு அடி பத்து அங்குலம் உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வந்த உயரம் அது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்கக் கொட்டகைச் சுவரடியில் வந்து நின்றது. சுவர் அதை உறிஞ்சி, தரையிலிருந்து ஐந்தடி உயரம் வரை ஓதம் ஏறியிருந்தது. இதை நிறுத்தாமல் சுவருக்கு எதைப் பூசினாலும் வீண்.

சித்திரையில் சுவரைச் சுற்றி வாய்க்கால் எடுத்தோம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம், நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாய்க்காலில் வடிகட்டித் துணி விரித்து, நாலு அங்குலத் துளைக் குழாய் வைத்து, மேலே 40 மில்லிமீட்டர் ஜல்லியைக் கொட்டித் துணியை மடித்து மூடினோம். குழாயின் கடைசியில் ஆறடி ஆழத்துக்கு உறிஞ்சுகுழி ஒன்று. வைகாசியில் ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோது அரை மணி நேரத்தில் குடித்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தக் குழி ஐப்பசியில் கைவிட்டது. மேட்டூர் திறந்து, ஆறு வாய்க்கால் எல்லாம் ஓடி, வயல்களில் தண்ணீர் கட்டி, மேலே மழையும் சேர்ந்தால் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் நாலடியிலேயே நிற்கும். குழிக்குள் மேலிருந்து தண்ணீர் இறங்குவதற்கு முன்பே கீழிருந்து ஊறி நிரம்பிவிட்டது. மழைநீரை மண்ணுக்குள் விடும் ஏற்பாடு மேட்டுநிலத்துக்குச் சரி. டெல்டாவில் அதைக் கோடையில் சோதித்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பக்கத்துக் கிணற்றில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

குழியை மூடிய தொட்டியாக மாற்றினோம். ஐந்தடி விட்டத்தில் சிமெண்ட் உறைகளை இறக்கி, இணைப்புகளை அடைத்து, அடியில் ஒன்பது அங்குலம் கான்கிரீட். அவ்வளவு கனம் எதற்கு என்று கேட்டார்கள். வெளியே தண்ணீர் உயர்ந்து உள்ளே தொட்டி காலியாக இருந்தால் தொட்டியே மேலே எழும்பிவிடும், பல செப்டிக் டேங்குகள் எங்கள் ஊரில் அப்படித்தான் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு குதிரைத்திறன் நீர்மூழ்கி பம்ப், மிதவை ஸ்விட்ச், தண்ணீர் திரும்பி வராமல் இருக்க ஒரு என்ஆர்வி வால்வு. தண்ணீர் நகராட்சியின் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. வாய்க்கால், தொட்டி, பம்ப் எல்லாம் சேர்த்து 3.6 லட்சம் ரூபாய். பம்ப் பொருத்தும் வேலையை நானே செய்ததால் அந்தக் கூலி இதில் சேரவில்லை.

வாய்க்கால் முடிந்ததும் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் இறக்க வேண்டும், உடைந்தால் கிளம்பும் தூள் நுரையீரலுக்கு எமன். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டை அறுத்து, முழு ஷீட்டாகக் கயிறு கட்டி இறக்கினோம். இறக்கியவர்கள் எல்லோரும் என்95 முகக்கவசம் போட்டிருந்தார்கள், போட்டிருந்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஷீட்டுகளைத் தடித்த பாலித்தீனில் சுற்றி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் ஒப்படைத்தோம். பழைய ஷீட் கேட்டு மாட்டுக்கொட்டகைக்காரர்கள் வந்தார்கள். கொடுக்க மனம் வரவில்லை.

கூரையின் அடிச்சட்டம் பர்மா தேக்கு. 38 அடி அகலத்தைத் தாண்டும் முக்கோணச் சட்டங்கள் ஆறு. பெரிய ஆசாரி சாரத்தில் ஏறி, ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலித்தது, உளுத்த இடத்தில் 'தொப்' என்று அமுங்கியது. அமுங்கிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு சன்னமான பிட் வைத்து டிரில் செய்து, வெளியே வரும் தூளின் நிறத்தைப் பார்த்தார். மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுப்பு மாவாக வந்தால் வெட்ட வேண்டியதுதான். நடுச்சட்டம் ஒன்றுகூடக் கெடவில்லை. சுவருக்குள் புதைந்திருந்த நான்கு முனைகள்தான் போயிருந்தன, சிமெண்ட் வைத்து மூடியதால் காற்றில்லாமல் அழுகியவை. கெட்ட நீளத்தை மட்டும் சாய்வாக அறுத்து, பழைய தேக்குத் துண்டைப் பொருத்தி, இரண்டு பக்கமும் கால் அங்குல இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்கினோம். முனையைச் சுற்றி ஒரு அங்குலம் காற்றுப் போக இடம் விட்டுத்தான் சுவரைக் கட்டினார்கள்.

ஓடு விஷயத்தில் ஒரு சுவாரசியம். வடபக்கத்தில் மிஞ்சியிருந்த மங்களூர் ஓடுகளில் பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருந்தன. அதை வைத்துக் கொட்டகையே 1865இல் கட்டியது என்று ஊரில் பல காலமாகப் பேச்சு. அது மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருடம். பிறகு எத்தனையோ வருடங்கள் சுட்ட ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் பதித்தார்கள்.

தென்பக்கச் சரிவு 60 அடிக்கு 23 அடி. சதுர மீட்டருக்கு 15 ஓடு என்ற கணக்கில் 1,930 ஓடு வேண்டும், உடைசலுக்குச் சேர்த்து 2,200 வாங்கினோம். இடித்த வீடுகளிலிருந்து ஓடு ஒன்று 20 ரூபாய்க்குக் கிடைத்தது, புதிய ஓடு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மூன்று வீட்டு ஓடுகளைக் கலந்து அடுக்கியதில்தான் சிக்கல். ஒரு கம்பெனி ஓட்டின் வரிப்பள்ளம் இன்னொன்றின் மேட்டில் உட்காரவில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், தண்ணீர் ஊற்றினால் இணைப்பில் கசிந்தது. எல்லாவற்றையும் இறக்கி, முதுகில் உள்ள முத்திரையைப் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரித்து, ஒரு குவியலை ஒரு பட்டை என்று மறுபடி வேய்ந்தோம். ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், அதன் இடைவெளியையும் ஓட்டுக்கு ஓடு அளந்துதான் அடிக்க வேண்டும், எங்களுக்குப் பன்னிரண்டரை அங்குலம் வந்தது. கஜாவை நினைத்து, தாழ்வாரத்து இரண்டு வரிசை, உச்சிக்குக் கீழ் இரண்டு வரிசை, நடுவில் மூன்று வரிசைக்கு ஒன்று என்று ஓட்டின் காதுத் துளையில் கம்பி கோத்து ரீப்பரோடு கட்டினோம். கம்பிக்கும் கூலிக்கும் ஆன 14,000 ரூபாய், இந்தக் கூரையில் செலவழித்ததிலேயே மிகவும் உருப்படியான பணம்.

சுவருக்குத் தை பிறந்ததும் வந்தோம். பழைய சுவர் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதன் மேல் யாரோ அங்குலக் கனத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட், சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் மேலே மேலே ஏறும், செங்கல் உள்ளேயே பொடியும். சின்ன உளியையும் ஒரு பவுண்டு சுத்தியலையும் வைத்துக் கையால்தான் பெயர்த்தோம். டிமாலிஷன் மிஷின் வைத்தால் சீக்கிரம் முடியும், செங்கல்லும் கூடவே வந்துவிடும்.

சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வாங்கினோம், சுட்டு இறக்கியது. தரையில் ஆறடிக்கு நாலடித் தொட்டி கட்டி, தண்ணீரை முதலில் நிரப்பி, சுட்ட கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. நீற்றிய பிறகு சல்லடையில் வடித்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்க மூடி வைத்தோம். நாள் ஆக ஆக வெண்ணெய்போல் குழைந்துவரும். கொத்தனார் கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார், விழாமல் ஒட்டியிருந்தால்தான் எடுப்பார். 200 லிட்டர் டிரம்மில் கடுக்காய் ஐந்து கிலோ, நாட்டுவெல்லம் ஐந்து கிலோ போட்டு ஊறவைத்தோம். புளித்து நுரை கட்டிய அந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைத்தது. முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்றுமணல் இரண்டு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி, ஈரமான சுவரிலும் சாந்து இறுகுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் மேற்குச் சுவரில் பத்தடிக்குப் பத்தடி மாதிரி பூசிப் பார்த்தோம். இரண்டு விதமாக அது போனது. மேல்பாதி அன்று சாயங்காலமே வலை வலையாக வெடித்தது. அதற்குக் காரணம் பிற்பகல் வெயில். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுக வேண்டும். கிழக்குச் சுவரிலிருந்து ஆரம்பிப்பது, பூசிய இடத்தில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுவது, பூசி முடித்த மறுநாளும் பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையால் திரும்ப அழுத்துவது என்று மாற்றியதும் அந்தப் பிரச்சனை தீர்ந்தது.

கீழ்ப்பாதியின் கதை வேறு. வெடிப்பில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவு மாவாகக் கொட்டியது. உரக்கிடங்கு என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வருடக்கணக்கில் மூட்டையிலிருந்து சிந்திய உரம் தரையில் கரைந்து, ஓதத்தோடு சுவருக்குள் ஏறியிருக்கிறது. உப்பு இருக்கும் சுவரில் எந்தப் பூச்சும் நிற்காது.

உப்பை அளப்பதற்குத் தண்ணீர் கேன் போடுகிறவர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். சுவரில் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டிய தூள் 10 கிராம், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் 100 மில்லி, கலக்கித் தெளியவைத்து மீட்டரை விட்டால் எண் வரும். மேற்குச் சுவர் அடியில் 2,400. அதே சுவரில் பத்தடி உயரத்தில் 300. ஆக, உப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று சுவரிலேயே கோடு போட முடிந்தது.

உப்பை எடுக்கச் சுவருக்குப் பத்துப் போட்டோம், வீக்கத்துக்கு மருந்தை அப்புவது மாதிரி. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழ், சலித்த வண்டல் மண், மணல் மூன்றையும் உப்பில்லாத தண்ணீரில் பிசைந்து, நனைத்த சுவரில் ஒரு அங்குலக் கனத்துக்கு அப்பினோம். காயக் காய, சுவருக்குள் இருக்கும் உப்பு கரைந்து பத்துக்கு வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் உரித்து எடுத்து ஊருக்கு வெளியே கொட்டினோம். வாசலிலேயே கொட்டினால் மழையில் கரைந்து திரும்ப வரும். முதல் பத்தை உரித்தபோது அதன் உள்பக்கம் முழுக்க ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் மினுங்கியது. மூன்று முறை போட்ட பிறகு மீட்டர் 600 காட்டியது. அதற்குக் கீழே இறங்கவில்லை, நாங்களும் அதோடு நிறுத்தினோம். அடிச்சுவர் ஐந்தடிக்கு மட்டும் சுர்க்கி இல்லாமல், மணல் தூக்கலாகப் போட்டு இளக்கமான சுண்ணாம்புப் பூச்சு. மிச்ச உப்பு அதில் பூத்து அந்தப் பூச்சு கெடும், செங்கல் தப்பிக்கும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஐந்தடியை மட்டும் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். குத்தகைக் கணக்கிலேயே அதற்குப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,100, சித்தாளுக்கு 650. சுண்ணாம்புப் பூச்சு சதுர அடிக்கு 110 ரூபாய் ஆனது. சிமெண்ட் என்றால் பாதிக்குள் முடிந்திருக்கும், திரும்பவும் பத்து வருடத்தில் பெயர்த்துக்கொண்டிருப்போம். சிமெண்ட் பெயர்த்தது, பத்து, சாரம் எல்லாம் சேர்த்துச் சுவருக்கு மட்டும் 11.2 லட்சம். மொத்த வேலையில் இதுதான் பெரிய செலவு.

மேடையைப் பற்றி எழுதாமல் நகர முடியாது. திரையைக் கழற்றி, பின்னால் இருந்த ஒலிபெருக்கி மரப்பெட்டியை நகர்த்தினோம். அடியில் 28 அடிக்கு 20 அடி நாடக மேடை அப்படியே இருந்தது. ஒன்றேகால் அங்குலத் தேக்குப் பலகை. டாக்கீஸ் ஆன பிறகு அந்தப் பக்கம் யாரும் நடக்கவேயில்லை, அதனால் தேயவில்லை. முன்வரிசை நடுவில் மட்டும், ராஜபார்ட் நின்று பாடுகிற இடத்தில், பலகை லேசாகக் குழிந்திருந்தது. இழைப்புளி போடும்போது அந்த நான்கு பலகையை மட்டும் தொட வேண்டாம் என்று ஆசாரியிடம் சொன்னோம். "நானே தொடமாட்டேன் தம்பி" என்றார்.

மேலே குறுக்குச் சட்டத்தில் படுதா ஏற்றி இறக்கும் மரக்கப்பிகள் வரிசையாக இருந்தன. கயிறு ஓடி ஓடி வழவழத்த பள்ளம். விளக்கெண்ணெய் விட்டுத் திருப்பினால் சத்தமில்லாமல் சுற்றின. இப்போது புதிய படுதா அந்தக் கப்பிகளில்தான் ஏறுகிறது. எங்கள் ஓவிய ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து காடாத் துணியில் தெப்பக்குளமும் கோபுரமும் எழுதினார்.

மேடையைத் தாங்கிய தூண்கள் ஆச்சா மரம். இரண்டு தூண்களின் அடியைக் கரையான் தின்றிருந்தது, மேலே நாலடி கல்போல இருந்தது. ஆச்சா என்றதும் தலைமையாசிரியை நரசிங்கம்பேட்டைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அங்கே நாதசுரம் கடைகிறவர்கள் பழைய வீடுகளில் காய்ந்த ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். அந்த நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வந்து பார்த்தவர் நகத்தால் கீறி, முகர்ந்து, தட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். நாங்கள் விலை சொல்லவில்லை. அந்த மரத்தில் கடைந்த ஒரு நாதசுரம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. புதிய தூண்களின் அடியில் கருங்கல் வைத்து, தரையில் துளையிட்டு, குளோர்பைரிபாஸ் 20 ஈசி என்ற கரையான் மருந்தை ஒன்றுக்குப் பத்தொன்பது தண்ணீர் கலந்து விட்டோம். பிள்ளைகள் வரும் இடம் என்பதால் துளைகளை அன்றைக்கே அடைத்து, சில நாள் யாரையும் உள்ளே விடவில்லை.

ஒலிக்கு என்று ஒரு கம்பெனி 9 லட்சத்துக்கு விலைப்புள்ளி கொடுத்திருந்தது. நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை, மேலே பொய்க்கூரை. காலிக் கொட்டகையில் பலூனை உடைத்துப் போன் செயலியில் அளந்தபோது ஒலி அடங்க 2.4 நொடி ஆனது, பேச்சு காதில் விழவில்லை. அந்த எண்ணைப் பார்த்து முன்பணம் கொடுக்கவே இருந்தோம். அதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் ஒன்றைக் கொட்டகையிலேயே வைத்து, இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது திரும்ப அளந்தோம். 1.4 வந்தது. ஆட்களின் உடலும் உடையும் குடிக்கிற ஒலி அவ்வளவு. அடைத்த சன்னல்களைத் திறந்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. மிச்சம் இருந்த குறை பின்சுவரிலிருந்து அடித்துத் திரும்பும் ஒலி ஒன்றுதான். அந்த ஒரு சுவரில், எட்டடி உயரத்துக்கு, ஒலியைக் குடிக்கும் ராக்வூல் பஞ்சை இரண்டங்குலம் வைத்துக் காடாத் துணி போர்த்தி, முன்னால் ஓட்டுக்குப் பயன்படாத பழைய ரீப்பர்களை இடைவெளி விட்டு அடித்தோம். 62,000 ரூபாய். ராஜபார்ட் கட்டிய பெரியவர் ஒருவர் ஊரில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். மைக் இல்லாமல் மேடையில் நின்று வசனம் பேசினார். கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒரு சொல் தப்பவில்லை. நாடகத்துக்கென்று கட்டியவர்களுக்குத் தங்கள் வேலை தெரிந்திருக்கிறது.

மின்சாரமும் தீப்பாதுகாப்பும் 9.5 லட்சம். பழைய மரப்பட்டி வயரிங்கில் ஒரு அடியைக்கூட விட்டுவைக்கவில்லை. வெளியேறும் வழிகளில் நாங்கள் யாரிடமும் எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பூமி இது. அடைத்திருந்த பக்கக் கதவுகளைத் திறந்து, நான்கையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டோம். ஒரு கதவு திறக்கும் சந்தில் பக்கத்துக் கடைக்காரரின் தகரக் கொட்டகை நின்றது. பேசிப் பேசி, அவருக்கு வேறு இடத்தில் எங்கள் செலவில் கட்டிக் கொடுத்தோம்.

படுதாத் துணிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய தீத்தடுப்பு ஒன்று இருக்கிறது. பத்து லிட்டர் வெந்நீரில் வெங்காரம் 700 கிராம், போரிக் பவுடர் 300 கிராம் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்த துணியின் ஓரத்தில் லைட்டரைப் பிடித்தால் கருகுமே தவிர, நெருப்பை எடுத்தவுடன் அணைந்துவிடும். துவைத்தால் மருந்து போய்விடும், திரும்ப முக்க வேண்டும். எழுதிய படுதாவை முக்க முடியாது, அதனால் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே செய்துவிட்டோம்.

இருக்கைகளில் பாதிக்கு மேல் தேறியது. வார்ப்பிரும்புக் கால்களைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, பலகையைச் சித்திரை வெயிலில் போட்டு எடுத்தோம். மூட்டைப்பூச்சிக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆபரேட்டர் அறை இப்போது ஒலிப்பதிவு அறை. அதன் சுவர் முழுக் கான்கிரீட், புரொஜக்டர் துவாரங்களுக்கு இரும்பு மூடி. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் செய்த ஏற்பாடு, எங்களுக்கு வெளிச்சத்தம் புகாத அறையாகக் கிடைத்தது.

உரிமம் பற்றி இரண்டு வார்த்தை. சினிமா காட்ட வேண்டுமானால் 1955ஆம் வருடச் சட்டத்தின்படி சி படிவ உரிமம் வேண்டும். நாடகம், கச்சேரி, கூட்டம் நடத்தும் பொது இடம் என்றால் 1888ஆம் வருடச் சட்டம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்க வேண்டும். கட்டட உறுதிச் சான்றிதழுக்கு வரும் பொறியாளரை வேலை முடிந்த பிறகு கூப்பிடாமல், கூரையைப் பிரித்துப் போட்டிருக்கும்போதே கூப்பிட்டுக் காட்டியது மிகவும் உதவியது. சட்டத்தின் முனையில் என்ன செய்தோம் என்று அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

கழிப்பறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், கதவு சன்னல் எல்லாம் சேர்த்து மொத்தக் கணக்கு 52 லட்சத்தைத் தொட்டது. அடுத்த முறை என்றால் சுவரைப் பெயர்ப்பதற்கு முன்பே உப்பை அளந்துவிடுவேன். மாதிரிப் பூச்சு போட்டு, அது விழுந்து, பத்துப் போட்டு என்று சுவர் வேலை பங்குனிக்குள் முடிய வேண்டியது கோடைக்குள் இழுத்துவிட்டது, சாரத்து வாடகையும் கூடவே ஏறியது. ஓடு வாங்கும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாலு ஓட்டை மட்டும் முதலில் கொண்டுவந்து, ஒன்றோடொன்று கோத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். வாய்க்கால் குழாயில் மூலைக்கு ஒரு ஆய்வுக்குழி விட்டிருக்கிறோம், அதை முப்பது அடிக்கு ஒன்று என்று விடுவேன். வேப்பமரத்து வேர் இப்போதே ஒரு மூலையில் எட்டிப் பார்க்கிறது.

பால்கனி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அதன் உத்திரத்தைக் கழற்றாமல் உறுதி சொல்ல முடியாது என்கிறார் பொறியாளர், 6 லட்சம் வரை ஆகலாம். பொங்கல் கழிந்து ஆரம்பிக்கிறோம். அதற்கென்று நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் நிறையவே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் யாராவது பழைய சுவருக்குப் பூச்சு வேலை எடுப்பதாக இருந்தால், ஒரு வாளியோடு வந்து எடுத்துப்போய் முதலில் பத்தடி பூசிப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டரும் இங்கேதான் இருக்கிறது.